அமெரிக்கக் காடிகளுக்காக அழாதீர்கள்

செனாய் ஊரில் இருக்கும் நம் கார்ப் பட்டறையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் மூவருக்கும் ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் கவுன்டருக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் வண்டியைப் பழுது பார்க்க வரமாட்டார்கள். துக்கம் விசாரிக்க வருவார்கள்.

உள்ளே நிற்கும் நீளமான பழைய அமெரிக்கக் காடியின் பொனட்டைத் தடவுவார்கள். "இந்த மாதிரி இரும்பு இனிமே வருமா? அமெரிக்காக்காரனே மறந்துட்டான் லா" என்பார்கள். எந்தெந்தப் பெயரெல்லாம் மறைந்து போனது, எந்தத் தொழிற்சாலை மூடப்பட்டது என்று ஒவ்வொன்றாகச் சொல்லிப் பெருமூச்சு விடுவார்கள். மரியாதையாகக் கேட்டுக்கொள்ளுங்கள். உட்கார நாற்காலி போடுங்கள். ஆனால் கூடச் சேர்ந்து பெருமூச்சு மட்டும் விடாதீர்கள். அது நம் வேலை இல்லை.

என்னை உங்களுக்குச் சரியாகத் தெரியாது. நான் தனலெட்சுமி. கூலாய் பக்கத்து எஸ்டேட்டில் பிறந்தவள். ஜொகூர் பாருவில் ஒரு சீனத் தவ்கேயின், அதாவது முதலாளியின், ஷோரூமில் ஸ்பேர் பார்ட்ஸ் ஸ்டோரைப் பார்த்துக்கொண்டேன். அது அமெரிக்கக் காடி விற்ற ஷோரூம். அது மூடிய பிறகு நீங்கள் இப்போது நிற்கிற பட்டறையை ஆரம்பித்து நடத்தினேன். போன வருஷம்தான் சாவியைக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனேன். அந்தக் காடிக் கம்பெனியின் பெயரை நான் எழுதப் போவதில்லை. இந்த நாட்டிலிருந்து அந்தப் பெயரைக் கழற்றிக்கொண்டு போனவர்கள் அவர்கள்தான். நான் எதற்கு மறுபடியும் மாட்டிவிட வேண்டும்?

போல்ட்டை எப்படி முடுக்குவது என்று நான் சொல்லித் தரப் போவதில்லை. அது உங்களுக்கே தெரியும். நாலு பேர் சுற்றி நின்று கத்தும்போது எப்படி யோசிப்பது என்பதற்கு எனக்கு நடந்த சிலதைச் சொல்கிறேன்.

நான் ஸ்டோரில் சேர்ந்த புதிதில் அங்கே ஒரு ஃபோர்மன் இருந்தார். மலாய்க்காரர். எல்லாரும் ‘பாக்’ என்றுதான் கூப்பிடுவோம். அதிகம் பேசமாட்டார். ஒரு சனிக்கிழமை காலையில் ஒரு பெரிய மனிதர் தன் காடியை எடுக்க வந்தார். மகனுக்கு மலாக்காவில் கல்யாணம். மாப்பிள்ளை அந்தக் காடியில்தான் போய் இறங்க வேண்டும். பொனட்டில் கட்டுவதற்குப் பூச்சரம்கூடக் கையிலேயே இருந்தது. வண்டியைக் கடைசியாக ஒருமுறை பார்த்த பாக், முன் சக்கரத்துப் பிரேக் குழாய் ஒன்று உப்பியிருப்பதைக் கண்டுபிடித்துவிட்டார். ஸ்டோரில் அந்தக் குழாய் இல்லை. சிங்கப்பூரிலிருந்துதான் வர வேண்டும்.

பெரிய மனிதர் முதலில் சிரித்தார். பிறகு கெஞ்சினார். பிறகு தவ்கேயைக் கூப்பிட்டார். தவ்கே வந்து, "மெதுவா ஓட்டிட்டுப் போகட்டுமே பாக், ஒரு நாள்தானே" என்றார்.

பாக் சாவியைச் சட்டைப் பையில் போட்டுப் பட்டனைப் பூட்டினார். "திட்டு வாங்கி எனக்குப் பழக்கம் இருக்கு தவ்கே. சாவு வீட்டுல போய் நின்னு பழக்கம் இல்ல" என்றார்.

அதோடு நிற்கவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு எங்கள் சர்வீஸ் வேனை வெளியே எடுத்தார். பின்னால் ஏற்றி வைத்திருந்த டயர்களை இறக்கிப் போட்டுவிட்டுப் பெஞ்சை ஒட்டத் துடைத்தார். அந்தப் பூச்சரத்தை அவரே வேனில் கட்டினார். மாப்பிள்ளை வீட்டார் பல்லைக் கடித்துக்கொண்டு ஏறினார்கள். பக்கவாட்டில் ‘அவசரப் பழுதுக்கு அழைக்கவும்’ என்று எழுதிய வேனில் போய் அந்த மாப்பிள்ளை மண்டபத்து வாசலில் இறங்கினான். பாக்தான் ஓட்டிப் போனார்.

இதிலிருந்து நான் எடுத்துக்கொண்டது இதுதான். வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. ஆனால் சொல்லிவிட்டு உள்ளே போய் உட்கார உரிமை இல்லை. அந்த ஆளை அவர் போக வேண்டிய இடத்துக்கு வேறு எப்படிக் கொண்டுபோய்ச் சேர்ப்பது என்பதும் உங்கள் பாடுதான்.

இனி லோரி வந்த நாளுக்கு வருகிறேன்.

இந்த நாட்டில் இனிமேல் காடி விற்கப் போவதில்லை என்று கம்பெனி அறிவித்து, ஷோரூம் கண்ணாடியில் ஒட்டியிருந்த படங்களையெல்லாம் கிழித்து முடித்த பிறகு, பார்ட்ஸ் ஸ்டோரைக் காலி செய்ய ஆள் அனுப்பினார்கள். கம்பெனி முத்திரை பதித்த எந்தச் சாமானும் வெளிச்சந்தைக்குப் போகக்கூடாது என்பது அவர்கள் முடிவு. திருப்பி எடுத்துக்கொண்டு போய் இரும்புக் கடையில் நசுக்கிவிடுவார்களாம். தவ்கே அதற்குச் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டிருந்தார். சிங்கப்பூர் வட்டார ஆபிசிலிருந்து அதைப் பார்வையிட ஓர் இளைஞர் வந்தார். நம்ம தமிழ்ப் பையன்தான். நல்ல மரியாதை தெரிந்தவர். லோரியும் ஆட்களும் அவரோடு வந்தார்கள்.

எங்களிடம் இரண்டு ஸ்டோர் இருந்தது. முன் ஸ்டோரில் புதிய மாடல்களுக்கான சாமான்கள். பின்னால் தகரக் கொட்டகையில், தவ்கேயின் அப்பா காலத்தில் வாங்கிப் போட்ட பழைய சாமான்கள். வால் நீண்ட அந்தக் காலத்துக் காடிகளுக்கான பிரேக் சிலிண்டர், ஸ்டியரிங் கம்பி, மெழுகுத்தாளில் சுற்றிய பளபளப்புப் பட்டைகள், பின்விளக்குக் கண்ணாடிகள். ஜொகூர் முழுக்க அந்தக் காடிகளை வைத்திருந்தவர்கள் எதையாவது மாற்ற வேண்டுமென்றால் அந்தக் கொட்டகைக்குத்தான் வர வேண்டும்.

விஷயம் தெரிந்து காலையிலேயே காடிக் கிளப்காரர்கள் வந்துவிட்டார்கள். தலைவர் வயிரவன் அண்ணன். சிகாமட்டில் துணிக்கடை வைத்திருக்கிற செட்டியார் வீட்டு மனிதர். அப்பா வாங்கிய கடல்பச்சை நிறக் காடியை விற்காமல் வைத்திருந்தார். அதில்தான் அன்றைக்கும் வந்தார். மற்றவர்களும் தங்கள் காடிகளை வரிசையாக நிறுத்தினார்கள். ஆளுக்கொரு ஃபோனைத் தூக்கிப் படம் பிடித்தார்கள். ஒருவர் கேமராவைப் பார்த்துச் சோகமாகப் பேசிக்கொண்டிருந்தார். லோரிக்காரர்கள் முன் ஸ்டோரிலிருந்து பெட்டிகளை ஏற்றத் தொடங்கியபோது வயிரவன் அண்ணன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"முடிஞ்சு போச்சு தனம். ஒரு யுகமே முடிஞ்சு போச்சு மா."

எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. மூடிவிட்டுப் போகிறவர்கள் மேல் மட்டும் இல்லை. இத்தனை பெரிய மனிதர்கள் வந்து வரிசையாக நின்று, நம் கண் முன்னால் சாமான் போவதைப் படம் பிடிக்கிறார்களே என்று.

"அண்ணே, நீங்கல்லாம் அழ வந்தீங்களா, தூக்க வந்தீங்களா?" என்று கேட்டேன். குரல் நான் நினைத்ததைவிட உரக்கப் போய்விட்டது. எல்லா ஃபோனும் கீழே இறங்கிவிட்டது.

"என்னத்தைம்மா தூக்குறது? தவ்கே கையெழுத்துப் போட்டாச்சுன்னு சொல்றாங்க."

"அதைக் கேட்டுட்டு வரேன். அதுவரைக்கும் போட்டோ எடுக்காம நில்லுங்க."

நான் உள்ளே போகும்போது என்னோடு ஸ்டோரில் வேலை செய்த முருகையா பின்னாலேயே ஓடி வந்தான். குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"அக்கா, பின் கேட்டு தொறந்துதான் இருக்கு. அந்தத் தம்பி முன்னாலதான் நிக்கிறான். கிளப் ஆளுங்க காடியெல்லாம் பின்னால சாமான் வைக்கிற பூட் பெருசு. அரை மணி நேரம் போதும்க்கா."

உண்மையைச் சொல்கிறேன், அது சுலபமான வழி. யாரும் எங்களைக் குற்றம் சொல்லியிருக்கவும் மாட்டார்கள். ஆனால் நான் வேண்டாம் என்றேன். "நாளைக்கு ஒருத்தர் காடியில அந்தச் சாமானை மாட்டுறப்ப, எங்கேருந்து வந்துச்சுன்னு கேட்டா என்ன சொல்வ? நம்ம பொருளை நாமே ஏன் திருடணும்? வாசல் வழியா எடுப்போம்" என்றேன். முருகையா என்னை ஒரு பைத்தியத்தைப் பார்ப்பதுபோல் பார்த்தான்.

தவ்கே தன் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கோப்பி ஆடை கட்டிப்போய் மேசையில் இருந்தது. நாங்கள் எப்போதும் மலாயில்தான் பேசிக்கொள்வோம்.

"தவ்கே, பின் கொட்டகையையும் எடுக்கப் போறாங்க."

"எடுக்கட்டும். விட்டுடு லா தனம். நான் ரொம்பக் களைச்சுப் போயிட்டேன்."

"நீங்க கையெழுத்துப் போட்டது எதுக்கு? அவங்ககிட்ட நீங்க வாங்குன சாமானுக்கு. பின்னால இருக்கறது உங்க அப்பா வாங்குனது. இந்த ஒப்பந்தம் பொறக்கறதுக்கு முன்னாலேயே அந்த வியாபாரம் முடிஞ்சு போச்சு. அது அவங்களோடது இல்ல. எனக்கும் சொந்தமில்ல. உங்களோடது. குப்பைக்குப் போகட்டும்னு நீங்க சொன்னா, நானே தூக்கி லோரியில போடறேன். ஆனா நீங்க வெளிய வந்து சொல்லணும்."

அதைச் சொல்லிவிட்டு நான் திரும்பி வந்துவிட்டேன். வெளியே லோரி ஆட்கள் பின் கொட்டகைத் தாழ்ப்பாளில் கை வைத்திருந்தார்கள். நான் போய்க் கதவுக்கு முன்னால் நின்றேன். வட்டார ஆபிஸ் தம்பி வந்தார்.

"அக்கா, ப்ளீஸ். எனக்கும் இது பிடிச்ச வேலை இல்ல. ஆனா இதுல எல்லாத்துலயும் கம்பெனி முத்திரை இருக்கு. முத்திரை இருந்தா எடுக்கணும்னு எனக்கு உத்தரவு."

"தம்பி, முன் ஸ்டோர் உங்களோடது. தடுக்கவே மாட்டேன். இது வேற."

"முத்திரை இருக்கே அக்கா."

அந்த நேரத்தில் தவ்கே வெளியே வந்தார். ஆபிசுக்குள் போடுகிற ரப்பர் செருப்போடு, அப்படியே வெயிலில் நடந்து வந்தார். கம்பெனி கொடுத்த டீ-சட்டையைத்தான் அன்றைக்கும் போட்டிருந்தார். துவைத்துத் துவைத்து நிறம் போயிருந்தாலும் நெஞ்சில் அந்த முத்திரை இருந்தது. அதை விரலால் தட்டிக் காட்டினார்.

"இங்கயும் உங்க முத்திரை இருக்கு. இதையும் கழட்டித் தரணுமா?"

லோரி டிரைவர் சிரித்துவிட்டார். அந்தத் தம்பிக்கும் சிரிப்பு வந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"இது என் அப்பா காசு கொடுத்து வாங்குனது. என் அப்பா யாருக்கும் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கல" என்றார் தவ்கே. அவர் குரல் உயரவே இல்லை.

தம்பி ஃபோனை எடுத்துக்கொண்டு தூரமாகப் போய் நின்று பேசினார். ரொம்ப நேரம் பேசினார். பேசும்போதே தவ்கேயையும் கொட்டகையையும் மாறி மாறிப் பார்த்தார். திரும்பி வந்து, "பின் கொட்டகை இந்த வேலையில சேராது. நான் சொல்லிட்டேன்" என்று மட்டும் சொன்னார். அவர் தன் மேலதிகாரியிடம் என்ன பேசினார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஆனால் அவர் நினைத்திருந்தால் அந்த ஃபோனைச் செய்யாமலே இருந்திருக்கலாம். எதிர்த் தரப்பில் நிற்கிறவரைப் பகையாளி ஆக்கிவிடாதீர்கள். நமக்காக ஒரு ஃபோன் செய்ய வேண்டியவர் அவராகத்தான் இருப்பார்.

முன் ஸ்டோர் முழுவதையும் நானே எடுத்துக் கொடுத்தேன். வண்டி தூக்கும் லிஃப்டில் பிரித்துக் கிடந்த வாடிக்கையாளர் வண்டிகளுக்கு வேண்டிய பிரேக், ஸ்டியரிங் சாமான்களை மட்டும் கேட்டேன். அதற்குத் தம்பி உடனே தலையாட்டினார். மற்றதெல்லாம் போயிற்று. புத்தம் புதிய கதவுகள், பெட்டி பிரிக்காத விளக்குகள். சில சாமான்களை வாங்க ஆட்கள் மாதக்கணக்காகக் காத்திருந்தார்கள். அவை லோரியில் விழுந்த சத்தம் இருக்கிறதே, அதைப் பற்றி நான் பேசப் போவதில்லை.

பிறகு கிளப்காரர்கள் பக்கம் திரும்பினேன். வயிரவன் அண்ணன் சட்டைக் கையை மடித்துக்கொண்டு முதல் ஆளாகக் கொட்டகைக்குள் போனார். வெளியே வரும்போது இரண்டு தோளிலும் சாமான். வெள்ளைச் சட்டை முழுக்கக் கிரீஸ். அதுவரை கோப்பிக் கடையில் உட்கார்ந்து பழைய காலத்தைப் பேசிக்கொண்டிருந்த கிளப், அன்றைக்குத்தான் ஒரு வேலை செய்தது.

அந்தச் சாமான்களைத் தவ்கே எனக்கே கொடுத்துவிட்டார். அதை வைத்துத்தான் செனாயில் இந்தக் கொட்டகையை வாடகைக்கு எடுத்தேன். முருகையாவும் கூட வந்தான். பாக் அதற்கு முன்பே காலமாகிவிட்டார்.

அடுத்தது நான் சொல்லத் தயங்குகிற விஷயம். அன்பு வைத்திருக்கிற ஆளிடம் இல்லை என்று சொல்வது. எதிராளியிடம் சொல்வதைவிட இது பத்து மடங்கு கஷ்டம்.

ஒரு மழைக்காலத்தில் சிகாமட்டில் ஆறு பெருகியது. வயிரவன் அண்ணன் வீட்டுக்குள்ளும் தண்ணீர் வந்தது. காடி எப்படி என்று கேட்டபோது, "ஒண்ணும் ஆகல, மேட்டுல நிறுத்திட்டேன்" என்றார். நான் நம்பினேன். அதற்குப் பிறகு அவர் காடியை எங்களிடம் கொண்டுவரவில்லை. எங்கேயோ கொடுத்துப் புதிதாகப் பெயின்ட் அடித்துக்கொண்டார். பிறகு சிகாமட்டிலிருந்து ஜொகூர் பாரு வரை கிளப்பின் எல்லாக் காடிகளும் ஊர்வலமாகப் போவது என்று முடிவு செய்தார்கள். முன்னால் போவது அவர் காடி. அதற்கு முன் ஒருதரம் பார்த்துவிடு என்று கொண்டுவந்து விட்டார்.

லிஃப்டில் ஏற்றினோம். மேலே கண்ணாடி மாதிரி பளபளப்பு. அடியில் முருகையா ஸ்குரூடிரைவரை வைத்து அழுத்தினான். அது உள்ளே போய்விட்டது. சேஸிஸ் சட்டம் நடுவில் அட்டை மாதிரி ஆகியிருந்தது. தண்ணீரில் நின்ற காடி. மேலே பூசி மறைத்திருந்தார்கள்.

மறுநாள் அவர் வந்ததும் சொன்னேன். "அண்ணே, இது ரோட்டுக்குப் போகக்கூடாது."

முகம் சிவந்துவிட்டது. "எங்கப்பா ஓட்டுன காடி. நேத்துகூட சிகாமட்டிலேருந்து ஓட்டிட்டுத்தானே வந்தேன்?"

"வந்தது உங்க நல்ல காலம்."

"நீயும் அந்தக் கம்பெனிக்காரன் மாதிரியே பேசற தனம். பழசுன்னா நசுக்கிப் போடு. அப்படித்தானே?"

அது எனக்கு வலித்தது. அவருக்கும் அது தெரியும். கூட வந்திருந்த கிளப்காரர்கள் இருவர், "ஒரு நாள் ஊர்வலம்தானே, முப்பதுல ஓட்டுனா போதாதா" என்று ஆரம்பித்தார்கள். அவருடைய காடி. சாவியைத் தரமாட்டேன் என்று பிடித்து வைக்க எனக்கு என்ன உரிமை? ஆனால் இப்படியே விட்டால் ஹைவேயில் இவருக்குப் பின்னால் வருகிற மோட்டார் சைக்கிள்காரனுக்கு யார் பதில் சொல்வது?

கொஞ்சம் யோசித்தேன். "சரி அண்ணே. ஓட்டுங்க. நானும் ஏறிக்கிறேன். நம்ம கேட்டுகிட்ட இருக்கற வேகத்தடை பம்ப் வரைக்கும் போங்க, நடக்கிற வேகத்துல. அதைத் தாண்டிட்டா நான் வாயைத் தொறக்க மாட்டேன்" என்றேன்.

அவர் ஏறினார். நான் பக்கத்து இருக்கையில். இன்ஜின் என்னவோ அழகாகத்தான் ஓடியது. மெதுவாக உருட்டிக்கொண்டு போனார். முன் சக்கரம் பம்ப் மேல் ஏறி இறங்கியது. எங்களுக்குக் கீழே ஈரமரம் முறிகிற மாதிரி ஒரு சத்தம். காடி நடுவில் தொய்ந்து உட்கார்ந்துவிட்டது. முன்கண்ணாடியில் மேலிருந்து கீழாக ஒரு கோடு ஓடியது.

அவர் கதவைத் தள்ளினார். திறக்கவில்லை. நான் என் பக்கம் தள்ளினேன். அதுவும் இறுகிப்போயிருந்தது. இரண்டு பேரும் உள்ளே மாட்டிக்கொண்டோம்.

"ஜாக்கி கொண்டாறேன்க்கா, அசையாதீங்க!" என்று கத்திக்கொண்டு முருகையா ஓடினான்.

வயிரவன் அண்ணன் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்தபடி இருந்தார்.

"தண்ணி பொனட்டு வரைக்கும் வந்துச்சு தனம்" என்றார். "இருட்டுல பார்த்துக்கிட்டே நின்னேன். உன்கிட்ட கொண்டு வந்தா முடிஞ்சு போச்சுன்னு சொல்லிருவன்னு பயம்."

"நான் ரோட்டுக்குப் போகக்கூடாதுன்னுதான் சொன்னேன். முடிஞ்சு போச்சுன்னு எப்ப சொன்னேன்?"

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"புதுசா சேஸிஸ் எங்க கிடைக்கும்?"

"எங்கயும் கிடைக்காது."

"அப்புறம்?"

"கூலாய்ல இரும்புச் சட்டம் வளைச்சுக் குடுக்கற ஆளுங்க இருக்காங்க. ஃபாக்டரிக்கு எவ்வளவோ செஞ்சு குடுக்கறவங்க, உங்க காடிக்குச் செய்ய மாட்டாங்களா? அளவு நான் எடுத்துத் தரேன். நாளாகும். இதே அழகா இருக்கும்னு சத்தியம் பண்ண மாட்டேன். அடியில ஒட்டுப் போட்டது தெரியும்."

"தெரிஞ்சா என்ன" என்றார். "நான் என்ன அடியில படுத்துக்கிட்டா பார்க்கப் போறேன்?"

இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஜாக்கி வைத்து நடுவில் தூக்கிய பிறகுதான் கதவு திறந்தது. அந்த வருஷ ஊர்வலத்தில் அவர் யாரோ ஒருவருடைய காடியில் பின்சீட்டில் உட்கார்ந்து போனார். தலைவர் பின்சீட்டில் போகிறாரே என்று கிளப்பில் கொஞ்ச நாள் என் மேல் கறுவினார்கள். இரண்டு பேர் நம் பட்டறைக்கு வருவதையே நிறுத்தினார்கள். போகட்டும் என்று விட்டுவிட்டேன். திரும்பி வந்தார்கள்.

கடல்பச்சைக் காடியின் சட்டத்தைச் செய்து முடிக்க ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது. முதல் சட்டம் கோணலாகிவிட்டது. தூக்கிப் போட்டோம். இரண்டாவது சரியாக உட்கார்ந்தது. அதே பம்ப் மேல் ஏற்றி இறக்கினோம். பிறகு நான்கு கதவையும் திறந்து மூடிப் பார்த்தார் அண்ணன். மறுபடியும் திறந்து மூடினார். முருகையா, "கதவு பிஞ்சுரும் அண்ணே, போதும்" என்று சொல்ல வேண்டியதாயிற்று.

தவ்கே கொடுத்த பழைய சாமான்கள் ஒரு நாள் தீரும் என்று எனக்குத் தெரியும். தீர்ந்தும் போயிற்று. ரப்பர் புஷ்ஷைச் செனாயிலேயே வார்த்து வாங்கினோம். பிரேக் சிலிண்டருக்குள் புதிதாக உறை போட்டுக் கடைந்து வாங்கினோம். அது சரியாக இல்லாதபோது வண்டியை வெளியே விடவில்லை. கிளப்காரர்கள் பெருமூச்சு விட வந்தால் கையில் ஓர் அளவுகோலைக் கொடுத்து அளக்கச் சொல்லிவிடுவேன். அதற்குப் பயந்தே பாதிப் பேர் புலம்புவதை நிறுத்தினார்கள். மீதிப் பேர் நன்றாக அளக்கக் கற்றுக்கொண்டார்கள்.

நான் ஓய்வு பெறுவதற்குச் சற்று முன்னால் நடந்ததையும் சொல்லி முடிக்கிறேன். அந்தக் கம்பெனியே மறுபடி இங்கே கடை திறக்க வந்தது. இந்த முறை சார்ஜில் ஓடுகிற காடி. ஜொகூர் பாருவில் ஒரு பெரிய மாலில் திறப்பு விழா. விழா ஏற்பாட்டுக்காரப் பெண் பட்டறைக்கே வந்தார். சிரித்த முகம். எங்கள் காடிகளை மேடைக்குப் பின்னால் வரிசையாக நிறுத்த வேண்டுமாம். ‘எங்கள் பாரம்பரியம்’ என்று மேலே எழுதப் போகிறார்களாம். கிளப்பில் எல்லாருக்கும் தலைகால் புரியவில்லை. கம்பெனியே நம்மைக் கூப்பிடுகிறதே!

நான் இரண்டு கேள்விதான் கேட்டேன். "பழைய காடிகளுக்குச் சாமான் எதாச்சும் கொண்டு வருவீங்களா?"

"சாரி புவான்," என்றார் மரியாதையாக. "அந்தத் திட்டம் இல்ல."

"காடியெல்லாம் ஓட்டிட்டு வரலாமா?"

"இல்ல புவான். லோரியில ஏத்திக் கொண்டு வந்திடணும். மால் உள்ள நிக்கிறதால டாங்கியில பெட்ரோல் இருக்கக்கூடாது. பேட்டரியும் கழட்டிடணும்."

அந்தப் பெண் மேல் தப்பில்லை. மாலில் அப்படித்தான் விதி. முடிவு கிளப்புடையது, என்னுடையது இல்லை. வயிரவன் அண்ணனைப் பார்த்தேன். ஊருக்கு முன்னால் நிற்க ஆசைப்படுகிற மனிதர் அவர். அதில் தப்பும் இல்லை. கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கவில்லை, மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

"ஓடாத காடிதான் வேணும்னா படம் வரைஞ்சு மாட்டச் சொல்லுங்கம்மா" என்றார். "எங்க காடியில பெட்ரோல் இருக்கும்."

கிளப்பில் ஒரே சத்தம். வாய்ப்பைக் கெடுத்துவிட்டீர்கள் என்றார்கள். பேப்பரில் படம் வந்திருக்கும் என்றார்கள். அவர் அசையவில்லை. விழா நடந்த அதே ஞாயிற்றுக்கிழமை காலையில் நாங்கள் பழைய ரோட்டில் கூலாய் நோக்கிக் கிளம்பினோம். வராதவர்கள் சிலர். வந்தவர்கள் நிறைய. கடல்பச்சைக் காடி முன்னால் போனது. நான் அதில்தான் இருந்தேன்.

செம்பனைக் காட்டைத் தாண்டியதும் ரேடியேட்டர் கொதித்து ஆவி கிளம்பியது. ஓரம் கட்டினோம். பின்னால் வந்த எல்லாக் காடிகளும் வரிசையாக நின்றன. பொனட்டைத் திறந்தோம். முருகையா குழாயைப் பார்த்தான். பட்டறையிலேயே செய்த குழாய்தான். கிளிப் தளர்ந்திருந்தது. இறுக்கிவிட்டு, சூடு ஆறட்டும் என்று நின்றோம். அப்போது சத்தமே இல்லாமல் ஒரு புதுக் காடி பக்கத்தில் வந்து நின்றது. ஓர் இளைஞர் கண்ணாடியை இறக்கினார். எங்களைப் பார்த்தார். நீளமான அந்த வரிசையைப் பார்த்தார்.

"அங்கிள், இதுக்கெல்லாம் இன்னும் சாமான் கிடைக்குதா?"

வயிரவன் அண்ணன் கையில் இருந்த தண்ணீர் கேனை எனக்கு நீட்டினார். ஸ்டியரிங்குக்குப் பின்னால் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தினார். சாவியைத் திருப்பினார். இன்ஜின் உறுமிக்கொண்டு எழுந்தது. அதற்கு மேலே கேட்கும்படி கத்திச் சொன்னார்.

"கிடைக்காது தம்பி. செஞ்சுக்குவோம்."